வரிசை பதினேழு

எரிபொருள்: பூச்சியம்.
அந்த ஒரு கட்டத்தைக் காட்டித்தான்
முதற் கூட்டத்தில் கைதட்டு வாங்கினோம்.

இப்போது உட்துறைமுக வீதியில்
கரண்ட் போய், விசிறி நின்ற அறை.
மடிக்கணினியின் பற்றரி முடியுமுன்
சம்பூரில் விளையப்போகும் ஒரு யூனிட்டுக்கு
விலை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பலகைகள் டொலரில்.
டொலர் நேற்று ஒன்று, இன்று ஒன்று.
வங்கி வட்டி
மழையிலும் விளையும், இரவிலும் விளையும்.
கம்பி இழுக்கப் பதினொரு கிலோமீற்றர்;
நடுவில் யானை இறங்கும் வயல்,
அதற்கொரு வேலி,
வேலிக்கும் கொஞ்சம் கரண்ட்.
மார்கழி வாடைக்கு முப்பது வீதம் கழிவு.

கொட்டியாரக் குடாக் காற்று
ஈரத்தோடு வந்து உப்பைப் பூசிவிட்டுப் போகும்.
உப்புப் படிந்த கண்ணாடி
படலம் விழுந்த கண்.
பத்து நாளைக்கொருக்கால் கழுவ வேண்டும்,
அதுவும் நல்ல தண்ணியில்.
கட்டைபறிச்சானில் கிணறு வைத்திருக்கும் நகுலேஸ்வரி
பவுசருக்கு இரண்டாயிரத்து நூறு என்றார்.
"ஆவணியில மட்டும் கேக்காதீங்க,
அப்ப எங்களுக்கே காணாது."
என் அட்டவணையில் ஆவணி இல்லை.
வருடம் முழுவதும் ஒரே கட்டம்.

கொழும்பிலிருந்து செய்தி:
இன்னும் நாற்பது சதம் இறக்கினால்
ரெண்டர் நமக்கு.

வட்டியில் கை வைக்க முடியாது.
கம்பியின் நீளத்தை யானையோடு பேச முடியாது.
வரிசை பதினேழு:
துருப்பிடிக்காத போல்ட், எண்பத்தாறாயிரம்.
'துருப்பிடிக்காத' என்ற சொல்லை மட்டும் அழித்தேன்.
முப்பத்தெட்டு சதம் இறங்கிற்று.
மிச்ச இரண்டை
நகுலேஸ்வரியின் தண்ணியில் எடுத்தேன்.

ஏழாம் வருடம்
மிஹ்ளார் என்றோ வேறு பெயரிலோ ஒருவன்
சுடுமணலில் முழங்கால் ஊன்றி
அந்த போல்ட்டைத் திருகுவான். அசையாது.
இன்னும் அழுத்துவான்.
ஸ்பானர் வழுக்கி விரல் மொழி கிழியும்.
அப்போது ஒரு ஏச்சு,
என் பெயர் தெரியாமல்
சரியாக எனக்கே.

அதற்கு எந்த வரிசை என்று
மேலும் கீழும் தேடிக்கொண்டிருக்க
கரண்ட் வந்தது.
விசிறி ஒருமுறை முனகிச் சுற்றியது.
கீழ்வீட்டில் அவசரமாகத் தண்ணி மோட்டர் போட்டார்கள்,
திரும்பப் போகுமுன் தொட்டி நிறைய வேண்டுமென்று.

நானும் அவசரமாகத்தான்
அனுப்பினேன்.