நடுவில் படுக்கும் சொல்

செவ்வாய்க்கிழமை காலை, லாண்டிட்னோ நூலகத்தின் மாடி.
ஹீட்டர் ஒன்று, நாற்காலி பதினொன்று.
பயிற்சித்தாளின் தலையில் கொட்டை எழுத்தில்
டர்ன் டவுன்.
அதன் கீழே மூன்று வெற்றுக் கோடுகள்.

முதல் கோட்டை ஸ்மரந்தா யோசிக்காமல் நிரப்பினாள்:
தினமும் மாலையில் நாற்பத்திரண்டு படுக்கைகளை
நான் டர்ன் டவுன் செய்கிறேன்.

டீச்சர் மெரெரிட் பென்சிலால்
படுக்கைகளைச் சுற்றி வட்டம் போட்டாள்.
அழைப்பை மறுக்கலாம், வேலையை மறுக்கலாம்,
நாற்பத்திரண்டு படுக்கைகளை எதற்கு மறுக்கிறாய்?

வகுப்பு சிரித்தது.
டெக்லேவுக்குச் சிரிப்பு நிற்கவில்லை, இருமலாகிவிட்டது.

ஸ்மரந்தா எழுந்தாள்.
மழையில் நனைந்த மேல்கோட்டை மேசைமீது விரித்தாள்.
ஒரு மூலையைப் பிடித்து முக்கோணமாய் மடித்தாள்,
உள்ளங்கையால் ஒரே ஒருமுறை நீவினாள்,
தலையணை இருக்கவேண்டிய இடத்தில்
டெக்லேயின் இருமல் மிட்டாயை எடுத்து வைத்தாள்.
இதுதான் என்றாள்.

அடுத்த செவ்வாய் டீச்சர் ரப்பரோடு வந்தாள்.
அகராதியில் ரொம்பக் கீழே இருக்கிறது, நீ சொன்னது சரி,
அந்த மாதிரி ஹோட்டலில் நான் தங்கியதில்லை.
வட்டம் அழிந்தது.
அழிந்த இடத்தில் தாள் மெலிந்து
வெளிச்சம் தெரிந்தது.

இரண்டாவது கோடு
பக்கத்து வீட்டு கிளினுடைய டிவிக்கு.
ரக்பி நாட்களில் சுவரே கோல் போடும்.
கதவைத் தட்டி அவள் கேட்டது:
ப்ளீஸ், டர்ன் டவுன் இட்.
அவருக்குப் புரிந்தது, குறைத்தார்,
ஒரு துண்டு கேக்கும் கொடுத்தார்.
டீச்சருக்குத்தான் பொறுக்கவில்லை.

டிவி என்று பெயரைச் சொன்னால் பிழையில்லை,
அது உள்ளேயும் படுக்கும், ஓரத்திலும் படுக்கும்.
இட், ஹிம், ஹெர், மீ,
இந்தச் சின்னதுகள் ஓரத்தில் படுக்காது.
டர்ன் ஒரு பக்கம், டவுன் ஒரு பக்கம்,
நடுவில்தான் கிடத்தவேண்டும்,
காய்ச்சல் கண்ட பிள்ளையைப்போல.

அன்று மாலை
அறை நூற்றேழில் மடித்துக்கொண்டே சொல்லிப் பார்த்தாள்.
டர்ன் இட் டவுன்.
நூற்றெட்டிலும் அதுவே.
மடிப்பதும் தணிப்பதும் மறுப்பதும்
ஒரே வாய்க்குள் எப்படி அடங்குகிறதென்று
நூற்றுப் பன்னிரண்டில் நின்றுவிட்டாள்.
ஜன்னலுக்கு வெளியே
மலையிலிருந்து இறங்கிய ஆடுகள்
யாருடைய வேலியையோ
யாரையும் கேட்காமல் தின்றுகொண்டிருந்தன.

மூன்றாவது கோடு வெறுமையாகவே கிடந்தது.
ஒன்று பாக்கி என்று டீச்சர் எழுதியனுப்பினாள்.
பாக்கி என்று இவளுக்கும் தெரியும்.

ஞாயிறு இரவு பார்மாவிலிருந்து அனாடோலின் போன்.
நான்கு வருடத்துக்குப் பிறகு அதே குரல்.
இரண்டு அறை, நல்ல அடுப்பு,
பால்கனியில் உனக்காக ஒரு துளசிச்செடிகூட
என்றான்.
துளசியைப் பற்றி முன்பு அவன் பேசியதே இல்லை.
ருமேனிய மொழியில் அவள் சொன்ன பதில்
மிகச் சின்னது. அதற்கு இலக்கணம் தேவைப்படவில்லை.

திங்கட்கிழமை, துணி அறை.
லோரி கேட்டாள்: கண் வீங்கியிருக்கிறதே, என்ன?
இரட்டைப் போர்வையின் இந்த முனை ஸ்மரந்தா கையில்,
அந்த முனை தரையில்.

ஐ டர்ன்ட்,
ஒரு மூச்சு,
ஹிம்,
டவுன்.

சரியான இடத்தில் விழுந்தது.
வட்டம் போட அங்கே பென்சில் இல்லை,
பாராட்ட டீச்சர் இல்லை.
லோரி குனிந்து
தரையில் கிடந்த முனையை எடுத்துக்கொண்டாள்.
இருவரும் உதறினார்கள்.
நடுவில் ஒரு கணம் காற்று உப்பி நின்று,
பிறகு அடங்கியது.