அறுபத்து மூன்றாவது சொல்

கோட்டையில், யோர்க் வீதிக் கந்தோரின் மூன்றாம் மாடியில்
எனக்கொரு மேசை, ஒரு மின்விசிறி,
இருநூற்றுப் பதினாறு ஆங்கிலச் சொற்கள்.
"இந்த மாதம் முடிய முதல் தமிழில் வேணும்" என்றார் மேஜர் ஹாலிடே.
சிங்கப்பூர் விழுந்து நாலு கிழமை.
விழுந்தது என்று எழுதக் கூடாது.

அவருக்குத் தெரிந்த தமிழ் மூன்று சொல்:
சரி, கெதியா, தேத்தண்ணி.
ஆனாலும் ஒவ்வொன்றையும் வாய்விட்டு வாசிக்கச் சொல்லி
நெஞ்சு பார்க்கும் வைத்தியர்போல் தலைசாய்த்துக் கேட்பார்.
'பின்வாங்கல்' காதுக்குச் சோர்வாய் இருக்கிறதாம்.
'ஆயத்த நிலைக்கு இடம்பெயர்தல்' என்று மாற்றினேன்.
அந்தக் கிழமைதான் மலாயாவிலிருந்து வந்திறங்கிய என் மைத்துனன்
கொட்டாஞ்சேனை வாசலில் செருப்பில்லாமல் நின்றான்.
இடம்பெயர்ந்தவன்தான்.
ஆயத்தம் ஒன்றையும் காணவில்லை.

தலைமைக்கு மட்டும் பதினொரு படி.
தளபதி, படைமுதலி, அணித்தலைவர் எல்லாம் தீர்ந்து
பழைய பாட்டொன்றில் தூங்கிய தானைத்தலைவனை
உலுக்கி எழுப்பினேன்.
யானையை விட்டிறங்கி வந்து
ஒரு லான்ஸ் கோப்ரலின் ஒற்றைப் பட்டியில்
ஒடுங்கி உட்கார்ந்தான் பாவம்.

அறுபத்து மூன்றாவது சொல்லில் இரண்டு நாள் நின்றோம்.
செத்தவன், காயப்பட்டவன், காணாமற்போனவன்
மூவரும் ஒரே சொல்லுக்குள் அடங்கவேணும் என்றார்.
துறைமுகப் பேரேட்டில் நனைந்த மூடைக்கு எழுதுவதை
எடுத்துக் கொடுத்தேன்: சேதம்.
"சேதம்" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.
நல்ல சின்னச் சொல்லாம்.
அன்று எனக்கும் தேத்தண்ணி வந்தது.

பிறகு ஜெட்டியில் ஒத்திகை.
ஒலிகுழலைத் தூக்கிப் படித்தேன்:
"வான்தாக்கு எச்சரிக்கை! யாவரும் காப்புநிலை எய்துக!"
நூற்றைம்பது பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.
"ஐயா, கொடியேற்றம் எப்ப?" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

உயிர்த்த ஞாயிறு, காலை ஏழரை.
மேகம் தாழ்ந்து கிடந்தது. முறை என்னுடையது.
முதல் விமானம் மேகத்தைக் கிழித்ததும் குழலைத் தூக்கினேன்.
வான்தா...
அதற்குமேல் வரவில்லை.
நானே செய்த சொல், எனக்கே வரவில்லை.

அரிசிக் கப்பலின் மேல்தட்டில்
சைகைக்காரன் மருதை நின்றான்.
பாரந்தூக்கிக்கு ஒரு நாளில் ஆயிரம் முறை சொல்வதையே சொன்னான்:
"ஆரியா! ஆரியா!"
பறங்கி விட்டுப்போன சொல். இறக்கு என்று பொருள்.
மூடை இறங்கியது, சங்கிலி இறங்கியது,
ஆட்கள் இறங்கினார்கள்,
கப்பல் வயிற்றுக்குள், ஜெட்டி மரங்களுக்கு அடியில்,
ஒருவன் முதுகில் ஒருவன்.
குழலைப் போட்டுவிட்டு நானும் இறங்கினேன்.

ஆரியா சொல்பவன் குந்தக் கூடாது.
பாரம் தரை தொடும்வரை பார்த்துக்கொண்டு நிற்கவேணும்,
வேலையின் முறை அப்படி.
அவனுக்கு ஆரியா சொல்ல
மேலே ஒருவரும் இருக்கவில்லை.

திங்கள் காலை பாதி நகரம் சட்டி பானையோடு ரயிலுக்கு நின்றது.
நான் படிவம் நிரப்பினேன்.
சேதம்: அரிசி மூடை நாற்பத்திரண்டு.
சேதம்: பாரந்தூக்கி ஒன்று.
சேதம்: கூலியாள் ஒன்று.
என் கையெழுத்து அச்சுப்போல என்று எல்லாரும் சொல்வார்கள்.

"அந்தக் கப்பலில் கட்டளையிட்டவரின் பதவி என்ன?"
மேஜரின் இடது கை தூளியில் தொங்கியது.
பதினொரு படியையும் மேலிருந்து கீழே பார்த்தேன்.
"பதவி இல்லை."
"பிறகு ஏன் கீழ்ப்படிந்தார்கள்?"
ஆங்கிலத்தில் தொடங்கினேன், நடுவில் எங்கேயோ
தமிழாகிவிட்டது.
அவர் நிறுத்தவில்லை.
ஒன்றும் விளங்காமல், தலைசாய்த்து,
கடைசிவரை கேட்டார்.

இரண்டாம் பதிப்பு வைகாசியில் வந்தது.
அறுபத்து மூன்றைத் திருத்தத் தரும்படி கேட்டிருந்தேன்.
அச்சுக் கோத்தாயிற்று என்றார்கள்.