மடங்காதது

மலைமேல் இருக்கும் வானாய்வகத்துக்கு
வாரம் மூன்று நடை தண்ணீர் லாரி ஓட்டுகிறேன்.
விக்குன்யா தாண்டினால் மேகம் கிடையாது, ஊற்று கிடையாது.
அதனால்தான் அங்கே கட்டினார்களாம்.
கடைசி வளைவில் முகப்பு விளக்கை அணைத்துவிட வேண்டும்:
எட்டு மீட்டர் கண்ணாடி ஒன்று
என் லாரியைவிட, சிலி நாட்டைவிடப் பழைய
வெளிச்சத்துக்காகக் காத்திருக்கிறது.
சின்ன விளக்கின் மஞ்சளில்
பாறையோரத்தை முகர்ந்துகொண்டே ஏறுவேன்.

ஏழு ஆண்டாக ஏறுகிறேன். ஒரு தரமும் பார்த்ததில்லை.
கண் வைக்க அதில் இடமே இல்லையாம்.
டெலஸ்கோப் என்றால் எனக்கு
தாகமெடுத்த ஒரு கட்டிடம்,
மாதக் கடைசியில் சம்பளம்.

மச்சான் எலியோடோரோவுக்கு வேறு.
திராட்சைப் பந்தலுக்குச் சாத்தும் அலுமினிய ஏணி,
ஞாயிறுதோறும் கோகிம்போ துறைமுகத்தில் போடும் தூண்டில்,
ரேடியோவின் வளைந்த ஏரியல்,
எல்லாமே அவன் வாயில் டெலஸ்கோபிக்.
ஐந்து மீட்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவான்.
நட்சத்திரத்துக்கும் இதற்கும் என்னடா உறவு என்பேன்.
கப்பல்காரன் இடுப்பில் செருகியது இப்படித்தான் மடங்கும்,
உங்கள் மலையில் இருப்பதுதான்
மடங்க மறந்துபோனது என்பான்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய். அமாரோவுக்கு ஏழு மாதம்.
கால்களை வயிற்றோடு இழுத்துக்கொண்டு வீறிட்டான்.
பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் கிடந்தான்.
பிறகு மறுபடி.
கிரிசெல்டா அணையாடையை விரித்துக் காட்டினாள்.
சிவப்புத் திராட்சை ஜாம் போலிருந்தது.

லா செரேனாவுக்கு அறுபத்திரண்டு கிலோமீட்டர்.
விளக்கை முழுதாய் எரியவிட்டு ஓட்டினேன்,
கண்ணாடி கூசினால் கூசட்டும்.
அணைக்கட்டு, பப்பாளித் தோட்டம், பெட்ரோல் பங்க்
எது முன்னே எது பின்னே என்று தெரியவில்லை;
ஒன்றன் வயிற்றுக்குள் ஒன்று புகுந்துவிட்டன.

டாக்டர் ஒயார்சூன், சின்னப் பெண்,
கை சில்லென்றிருப்பதற்குக் குழந்தையிடம் மன்னிப்புக் கேட்டவள்,
மருந்துச்சீட்டின் பின்புறம் இரண்டு குழாய் வரைந்தாள்.
குடல் தனக்குள்ளேயே நுழைந்துவிட்டது, என்றாள்,
டெலஸ்கோப் மாதிரி.

எனக்குச் சிரிப்பு வந்தது.
கிரிசெல்டா இன்னும் அதை மன்னிக்கவில்லை.
அதற்கு நான்தான் தண்ணீர் கொண்டுபோகிறேன் என்றேன்,
எங்களுடையது மடங்காது என்றேன்,
யாரோ என்னை நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

கத்தி வைக்கவில்லை.
பின்வழியாகக் காற்றைச் செலுத்தினார்கள், வெறும் காற்று.
எக்ஸ்ரே திரையின் சாம்பல் இருட்டில்
ஒரு வெளிச்சம் ஊர்ந்து வந்தது,
மோதியது, நின்றது,
பின்வாங்கி மறுபடி மோதியது,
நான் எண்ணுவதை நிறுத்திய பிறகு
சட்டென்று உள்ளே பாய்ந்து பரவியது.
ஒயார்சூன் மூச்சுவிட்டாள்.
அவளும் அதுவரை பிடித்துவைத்திருந்தாள்.

சனிக்கிழமை மறுபடி நடை.
இரண்டு நாளாய்த் தொட்டி காலி,
மேலே யாரும் குளிக்கவில்லை.
எங்கே போய்த் தொலைந்தாய் என்றான் வாயிற்காவலன் பெர்மின்.
டெலஸ்கோப்பில் கோளாறு, என்றேன்,
இப்போது சரியாகிவிட்டது.

அவன் பதறிப்போய்த் திரும்பி
குவிமாடத்தைப் பார்த்தான்.