அரை

மார்ச் மாதம், முதல் திங்கள். புந்தா அரேனாஸ்.
ஜன்னல் கண்ணாடியைக் காற்று உலுக்குகிறது.
புத்தகத்தைத் திறக்கவில்லை நான்.
பலகையில் எழுதினேன்: 41, 7, 2.
"இவைதான் நான். கேளுங்கள்.
ஆம், இல்லை, இவ்வளவே என் பதில்."

நாற்பத்தொன்று வயதா? இல்லை.
செருப்பு அளவா? ஆம். சிரிப்பு.
ஏழு பூனைகளா?
ஆம்! எப்படித் தெரியும்?
"பாவாடை முழுக்க முடி, டீச்சர்."
இரண்டு யாருக்கும் எட்டவில்லை.
நானே சொன்னேன்:
கணக்கில் நான் ஃபெயிலான தடவைகள்.
கடைசி வரிசையில் ஒரு நாற்காலி
கிறீச்சிட்டு முன்னால் நகர்ந்தது.

நெவேன் 118 என்று எழுதினான்.
எடை, வீட்டு எண், பேருந்து என்று
எங்கெங்கோ அலைந்தார்கள்.
கூரையைப் பிய்த்துப்போன இரவில்
காற்றின் வேகம் அது.
"எங்கள் வேலியில் விழுந்த தகரம்
உங்களுடையதா!"
எழுந்தே விட்டாள் தானிட்சா.

மரக்காய்போவிலிருந்து வந்த யோர்பெலிஸ்
தாளில் 0.5 எழுதிவிட்டுத்
தலை நிமிரவில்லை.
அரை மணியா? அரை ஆப்பிளா?
இல்லை. இல்லை.
"தம்பி," என்றாள் கடைசியில்.
"அப்பா ஒருவர்தான், அம்மா வேறு.
அரைத்தம்பி என்பார்கள் வீட்டில்.
அங்கேயே இருக்கிறான்."

நெவேன் யோசித்தான்.
"எந்தப் பாதி?"

வகுப்பு மூச்சை அடக்கியது. நானும்தான்.

"ஞாயிற்றுக்கிழமை
ஃபோனில் சிரிக்கிற பாதி."

மணி அடித்தது.
பின்னங்கள் அடுத்த மாதம்தான் பாடத்தில்.
மேசைகளைச் சரிசெய்கையில் பார்த்தேன்,
அவள் விட்டுப்போன தாளில்
0.5-க்குப் பக்கத்தில்
யாரோ பென்சிலால்
ஒரு கூட்டல் குறி போட்டிருக்கிறார்கள்.
அதற்கப்புறம் எதுவும் எழுதவில்லை.