மாட்டு வழி

தொலைபேசியில் விசாரித்தால் எல்லோரும் ஒரே பதில்தான்:
"தாராளமாக வரலாம் அம்மா, இரண்டே படிதான்."
என் நாற்காலிக்கு
இரண்டும் ஒன்றுதான், இருநூறும் ஒன்றுதான்.

இந்த அக்டோபரில் கேள்வியை மாற்றிப் போட்டேன்.
"சந்தைக்குள் மாடுகள் எப்படிப் போகும்?"
மறுமுனையில் இருமல். பிறகு,
"மாட்டுக்குச் சரிவு போட்டிருக்கிறோம், நல்ல அகலம்."
"சரி, டெல்ஃபீன் ஊலெட் மாட்டு வழியில் வருகிறாள்
என்று வாசலில் சொல்லி வையுங்கள்."

லோர்னாதான் வேன் ஓட்டினாள்.
நான்கு மூலையிலும் பட்டை போட்டு இறுக்கிய நாற்காலியில்
என் தலை கூரையோடு, ஜன்னலோ தோளுக்குக் கீழே.
மெய்ன் மாநிலமே சிவந்து நிற்கிற வாரம்;
எனக்குக் கிடைத்ததெல்லாம் அடிமரங்கள்,
தபால் பெட்டிகள், ஒரு நாயின் முதுகு.
"இப்போது ஆரஞ்சு!" என்று கத்துவாள் லோர்னா,
"இது என்னடா நிறம், ஈரல் மாதிரி!"
கிரிக்கெட் தெரியாத நாட்டில் நேர்முக வர்ணனை.

வழியில் ஒரு பூங்கா.
நீல நிற நாற்காலிப் படம் போட்ட பலகை,
வழவழப்பான தார்ப்பாதை.
ஏரிக்கு முப்பது அடி இருக்கையில்
வந்த காரியத்தை மறந்தவன்போல
பாதை நின்றுவிட்டது.
அப்பால் கூழாங்கல்.
நான் அங்கேயே நின்று ஏரியைப் பார்த்தேன்,
ஏரி என்னைப் பார்த்ததாகத் தெரியவில்லை.
லோர்னா இறங்கிப் போய்
தெர்மாஸ் மூடியில் கொஞ்சம் மொண்டு வந்தாள்.
விரலை விட்டேன்.
அப்பா, என்ன குளிர்!
ஒரு பைன் ஊசி நகத்தில் ஒட்டிக்கொண்டது.

சந்தையில் சொன்னபடியே வாசல்.
எனக்கு முன்னால் இரண்டு எருதுகள், டியூக், டஃபி.
பின்னால் நான், மூன்றாவதாக.
வைக்கோல், சாணம், பொரித்த மாவின் எண்ணெய்.
மர உருளை போட்ட சரிவில்
சக்கரம் வழுக்கவே இல்லை. குளம்புக்கு ஏற்றது
எனக்கும் ஏற்றது.
மாற்றுத்திறனாளிக் கழிவறையில் மட்டும்
பதினேழு பூசணிகள் குடியிருந்தன.
ஒரு பையன் ஒவ்வொன்றாக வெளியே தூக்கினான்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு மன்னிப்பு.
பதினொன்றாவது பூசணியில்
போதும், இடம் இருக்கிறது என்றேன்.
உண்மையில் அவசரம்.

பிறகுதான் அதைப் பார்த்தேன்.
கன்றுகளை ஏற்றும் எடைமேடை.
தரையோடு தரையாக, படியே இல்லாமல்.

ஏழு வருடம் ஆகிறது நான் எடை பார்த்து.
மருத்துவமனைத் தராசில் நிற்க வேண்டும்; நான் நிற்பதில்லை.
"உத்தேசமாகச் சொல்லுங்கள்" என்பாள் செவிலி.
உத்தேசமாகச் சொல்வேன்.
உத்தேசமாக மருந்து எழுதுவார்கள்.

மேடைக்காரப் பெண்ணுக்குப் பதினாறு இருக்கும்,
சட்டையில் பெயர்: ஹெட்டி.
"ஏறலாமா?"
அவள் என்னைப் பார்க்கவில்லை, சக்கரத்தைப் பார்த்தாள்.
"அசையாமல் இருப்பீர்களா? கன்றுகள் அசையும்."
இருப்பேன் என்றேன்.

நானூற்று ஐம்பத்திரண்டு ராத்தல்.
நாற்காலியின் அடித்தகட்டில் குப்புறப் படுத்து
லோர்னா படித்தாள்: முந்நூற்றுப் பதினொன்று.
ஹெட்டி உள்ளங்கையில் கழித்துப் பார்த்தாள்,
மறுபடியும் கழித்தாள்.
நூற்று நாற்பத்தொன்று.

எதிர்பார்த்ததைவிடக் குறைவு.
கூட்டமாய் இருந்தது, யாரும் கைதட்டவில்லை;
ஒரு கன்று என் பின்னால் முறைக்காகக் காத்திருந்தது.
இவ்வளவுதான் நான், மீதியெல்லாம் பேட்டரி
என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது,
கூடவே வேறொன்றும் வந்தது,
அதை ஆப்பிள் சாற்றோடு விழுங்கிவிட்டேன்.

திரும்பும்போது பேட்டரியில் ஒரே ஒரு கோடு.
லோர்னா வர்ணனை நிறுத்திவிட்டாள், இருட்டு.
சமையலறைத் தரை முழுக்க
என் சக்கரம் கொண்டுவந்த மேப்பிள் இலைகள்,
நசுங்கி, ஈரமாய், அத்தனை சிவப்பு.
யாரும் பெருக்க வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம்.

செவ்வாய்க்கிழமை செவிலி கேட்பாள்.
பையில் சீட்டு இருக்கிறது,
கால்நடைப் பிரிவு என்று முத்திரை குத்தி,
இனம் என்ற கட்டத்தை மட்டும்
ஹெட்டி காலியாக விட்டிருக்கிறாள்.