முப்பத்தேழு டிகிரி

தார்த்து நகரம், பிப்ரவரி.
எமயூகி ஆற்றின் மேல் ஒரு சாண் பனிக்கட்டி.
இரவு பத்தரைக்கு மாரிக்கா
ஈஸ்ட் இருக்கும் கண்ணாடித் தட்டின் சூட்டை
இருபத்தைந்திலிருந்து முப்பத்தேழுக்கு ஏற்றுகிறாள்.
நமக்கு அது உடம்புச் சூடு.
அவற்றுக்கு, வீடு பற்றிக்கொண்டது.

நுண்நோக்கியில்
செல் முழுக்கக் கரைந்து கிடந்த பச்சை ஒளி
நகரத் தொடங்குகிறது.
ஒரு நிமிடம், ஒன்றரை,
சந்தையில் சண்டை என்று கேட்டவர்கள் போல
எல்லாம் ஒரே பக்கம் ஓடி
உட்கருவுக்குள் நெருக்கியடித்து நுழைகின்றன.
திரை முழுக்கப் பச்சைக் கருவிழிகள்.

அந்தப் புரதத்துக்குத் தெரிந்ததெல்லாம் ஓர் ஐந்தெழுத்து.
அது எந்த மரபணுவின் வாசலில் எழுதியிருக்கிறதோ
அங்கே போய் உட்கார்கிறது.
தூங்கியது எழுந்து வாசிக்கப்படுகிறது.

முதலில் நிற்பது வளர்ச்சி.
புது ரைபோசோம் வேண்டாம், புது மொட்டு வேண்டாம்,
பாதி அரும்பிய மகள் அப்படியே இருக்கட்டும்.
கையிருப்பைக் கொண்டு ஒரு சர்க்கரை காய்ச்சுகிறது செல்,
இப்போது தின்பதற்கல்ல,
குலையும் புரதங்களுக்கு முட்டுக்கொடுக்க.
வெந்த முட்டை பச்சை முட்டையாகாது என்பார்கள்.
இங்கே கட்டிதட்டிப்போனதிலிருந்து
இழை இழையாக உருவிக்கொண்டிருக்கிறது ஏதோ ஒன்று.

22.41 என்று குறிக்கிறாள்.
திட்டப் பணம் மார்ச்சோடு நிற்கும் என்று
கடிதம் வந்த நாளிலிருந்து
அவளும் புதிதாக எதையும் தொடங்கவில்லை.
பல் மருத்துவரைத் தள்ளிப்போட்டாள்.
ஹில்யாவின் பிறந்தநாளுக்குப் போகவில்லை.
ஐந்து நாளாய் அதே முட்டைக்கோஸ் சூப்.
இதையெல்லாம் உவமையாக்கினால் பிடிக்காது அவளுக்கு.
"ஈஸ்டுக்கு வீட்டுக் கடன் கிடையாது" என்பாள்.

இருபது நிமிடம்.
சூடு இறங்கவில்லை. ஆனாலும்
பச்சை மெல்ல வெளியே வருகிறது,
செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று என்பது போல.
மூலையில் ஒரு செல் மட்டும்
மினுங்கி, அணைந்து, மறுபடி மினுங்கி.
எத்தனை மகள்களைப் பெற்றதோ.

நள்ளிரவு தாண்டி ஐம்பது டிகிரி, இரண்டு குடுவைக்கும்.

வியாழன் காலை
நேராக ஐம்பதுக்குப் போன தட்டில்
வெறும் அகர். தூக்கிப் பிடித்தால் ஜன்னல் தெரிகிறது.
முன்பே முப்பத்தேழைக் கண்ட தட்டில்
நூற்று நாற்பத்திரண்டு வெள்ளைப் பொட்டுகள்.
மறுபடி எண்ணினால் நூற்று நாற்பத்தொன்று.
ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதை
ஒன்றென்பதா இரண்டென்பதா,
பேனாவைப் பல்லில் கடித்து, வலித்து,
மூடியைத் திறக்கிறாள்:
விடியற்காலை ரொட்டிக் கடை வாசம்.