முதலாம் நாள், அம்மான்

பூசை முடிந்து தாண்டவன்வெளிப் பங்கு மண்டபத்தில்
இரண்டு மின்விசிறியில் ஒன்றுதான் சுற்றுகிறது.
வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி
புனித பூமிக்குப் போய்வந்த டெரன்ஸ் மாஸ்டர்
படம் காட்டுகிறார்.
"முதலாம் நாள். அம்மான்."

நாற்பத்திரண்டு பேர், ஒரே நிறத் தொப்பி.
சிவப்புக் குடையை உயர்த்திக்கொண்டு
வழிகாட்டிப் பொடியன் முன்னால் போகிறான்.
குடையைத் தொலைத்தால் உங்களையே தொலைத்த மாதிரி என்று
பஸ்ஸிலேயே சொல்லிவைத்தானாம்.
மண்டபம் சிரிக்கிறது.
என் கையில் ரோல்ஸ் ஆறுகிறது.

ரோமர் கட்டிய அரங்கு. ஆறாயிரம் பேர் இருக்கலாம்.
மெற்றில்டா ரீச்சர் இருபதாம் படியில் மூச்சிரைக்கிறா.
மறுகா கோட்டை மலை,
மலையில் தூண்கள்.

அந்தத் தூண்களை எனக்குத் தெரியும்.
மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போடும் கம்பிக்கு மேலே
என் சுண்டுவிரல் நகமளவில் நின்றவை.
ஏழு வருசம்.
வீட்டுத்திட்டக் காசு பாதியில் நின்றுபோன
யாரோ ஒரு பாவியின் வீடு என்றுதான்
நினைத்திருந்தேன்.

என்னை இரவில் கொண்டுபோனார்கள்.
திரும்ப விமானத்தளத்தில் விட்டதும் இரவில்தான்.
என் முதலாம் நாள்
மூன்று மாடி, ஐம்பத்தெட்டுப் படி.
மெடம் முன்னால் நடந்தா.
குடையில்லை, திறப்புக் கோர்வை.
இது குசினி.
இது விருந்தாட்கள் வந்தால் மட்டும் குசினி.
இது நீ தொடக்கூடாத அலுமாரி.
இது நீ படுக்கிற இடம், சலவை மெசினை நகர்த்தக்கூடாது.
இது தண்ணீர்த் தாங்கி, செவ்வாய்க்கிழமை மட்டும் நிரம்பும்,
அதற்குள் எல்லாம் துவைத்து முடி.
விளங்கினதா என்று கேட்டா.
விளங்கின ஒரே சொல் தண்ணீர்.

மலையில் ஒரு கல் கை கிடக்கிறது.
மூன்று விரல், ஒவ்வொன்றும் ஆள் தடிப்பு.
பெரிய சிலையாய் இருந்ததாம்.
உடம்பு எங்கே என்று ஆருக்கும் தெரியாதாம்.
வரிசையில் நின்று கையோடு படம் எடுக்கிறார்கள்.
"ஆளை விட்டுட்டுக் கையை மட்டும் வெச்சிருக்கானுகள்"
அருளப்பு அண்ணன் பகிடி விட்டார்.
நான் ரோல்ஸை மற்றக் கைக்கு மாற்றினேன்.

"உங்களுக்குத் தெரிஞ்ச ஊர்தானே கா,
ரெண்டு சொல் சொல்லுங்க."
டெரன்ஸ் மாஸ்டர் நல்ல மனுசன்.
கதிரைகள் எல்லாம் என் பக்கம் திரும்பின.

எழும்பிப் போனேன்.
என் நிழல் ஒரு மலையை மூடியது.
கல் விரலுக்குப் பின்னால், அடுத்த குன்றில்,
தீப்பெட்டி தீப்பெட்டியாய் ஒரே நிற வீடுகள்,
எல்லாவற்றின் தலையிலும் தாங்கி.
தேடினேன். கொஞ்சம் நேரம் எடுத்துத்தான் தேடினேன்.
"இதில ஒண்டு" என்றேன்.
அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது.
இரண்டு பேர் கை தட்டினார்கள்.

பிறகு வீடியோ.
பொடியன் ஏதோ ஒரு மன்னரின் கதை சொல்கிறான்,
அவன் குரலுக்குப் பின்னால், எங்கோ கீழ்த் தெருவில்,
காஸ் லொறி.
அந்த மெட்டு.
முதல் நாலு சுரத்திலேயே என் கால் தயார்.
பல்கனிக்கு ஓடி இரண்டு விரல் காட்டுவேன்,
இரண்டு சிலிண்டர்.
அவன் ஹோர்ன் அடித்துக் கை காட்டுவான்.
அந்தத் தலைநகரில் எனக்குக் கை காட்டிய ஒரே ஆள்.

வீடியோ முடிந்து மண்டபத்தில் விளக்குப் போட்டார்கள்.
மெட்டு முடியவில்லை.
அதே மெட்டு, கொஞ்சம் கீச்சுக் குரலில்,
திருமலை வீதியில் வருகிறது.
"பாண் ஓட்டோ!" பிள்ளைகள் கத்தின.
நான்தான் முதலில் வாசலுக்கு வந்தேன்,
கை தானாய் உயர்ந்திருந்தது.

ஓட்டோ நின்றது.
கண்ணாடிப் பெட்டியைத் திறந்தபடி
என் விரல்களைப் பார்த்துக் கேட்டான்:
"ரெண்டு என்ன அக்கா?
மாலுபாணா, கிம்புலா பணிசா?"